ஊறவைத்த கொள்ளு

அன்று லாயத்தில் இருந்தவர்கள் பெரியவர், அவர் தம்பி, மருமகள், குதிரை வைத்தியர்; அள்ளி அள்ளித் தீனி போட்டும் விலா எலும்பு தெரிய நின்ற கிழக்குதிரை.

வைத்தியர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சுபோச்சுங்க. மெல்ல முடியாம துப்புது. கொள்ளை ஊறவெச்சு அரைச்சுக் கொடுங்க."

"அதைத்தானே மாமா நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மருமகள்.

"நம்ம குதிரைக்குக் கஞ்சி ஊத்தினா ஊரே சிரிக்கும்னாரு அண்ணன்," என்றார் தம்பி. "இப்ப எலும்பை எண்ணிச் சிரிக்குது."

பெரியவர் கொள்ளை ஊறப்போட்டார். அன்று முதல் தாமே அரைத்து, வாளியை ஏந்தி நின்று ஊட்டினார். குதிரை மிச்சமில்லாமல் நக்கித் தின்றது. ஆனாலும் உடம்பு தேறவில்லை. மழை தொடங்கியதும் படுத்தது, எழவில்லை.

அந்த வீட்டார் குதிரையைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கடைசி நாளும் அது பெரியவர் கையால் வயிறாரத் தின்றது.