பச்சை அடித்த முற்றம்

அன்று நகராட்சிக் கூட்ட அரங்கில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வராதவர்களும் வந்தோம் என்று இப்போது சொல்லித் திரிகிறார்கள். நகராட்சித் தலைவி, உறுப்பினர்கள் எட்டுப் பேர், அவர்களில் மரக்கடைக்காரரும் மருந்துக்கடை அம்மாளும் உண்டு, மழைநீர்ப் பிரிவின் பொறியாளரான என் மகள், கணினியோடு அவளுடைய உதவியாளர், பொதுமக்கள் முப்பது பேருக்குக் குறையாமல். பொதுமக்களில் முதல் வரிசையில் நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். மைத்துனர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் இருந்தார்.

எங்கள் ஊர் சரிவில் இருக்கிறது. மேட்டில் பெய்யும் மழை கால் மணி நேரத்தில் கடைத்தெருவுக்கு வந்துவிடும். கடைத்தெருவின் அடியில் கிடக்கும் குழாய் என் தந்தை காலத்தது; அதற்கு அவ்வளவு தண்ணீரை விழுங்கத் தெம்பு இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பெரிய குழாய் வேண்டும். மேட்டிலேயே தண்ணீரைத் தேக்கி மெதுவாக விட ஒரு குளம் வேண்டும். பொது வரியிலிருந்து கேட்டால் சாலையும் தெருவிளக்கும் முந்திக்கொள்ளும். அதனால் என் மகள் மூன்று வருடம் உழைத்து ஒரு தனிக் கட்டணத்துக்குத் திட்டம் போட்டாள்.

கணக்கு எளிது. யாருடைய இடத்திலிருந்து எவ்வளவு மழை வெளியே ஓடி வருகிறதோ, அவர் அதற்கேற்பக் கட்ட வேண்டும். மண்ணும் புல்லும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. கூரை, கான்கிரீட், தார் என்றால் ஐம்பது சதுர மீட்டருக்கு ஓர் அலகு.

அன்று ஓட்டெடுப்பு. தலைவியையும் சேர்த்து ஒன்பது ஓட்டு. நான்கு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. மருந்துக்கடை அம்மாள் மட்டும் யாரிடமும் பிடி கொடுக்கவில்லை. தோற்றால் இரண்டு வருடத்துக்கு அந்தத் திட்டத்தை மறுபடி எடுக்க முடியாது. மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்பது வருடம் தளம் போடும் ஒப்பந்தக்காரனாக இருந்தவன் நான். ஊரில் பாதித் தரை என் கை பட்டது. கான்கிரீட்டுக்குக் கட்டணம் என்றதும் நான் மகளோடு சண்டை போடுவேன் என்று பலர் காத்திருந்தார்கள். நான் போட்ட தளத்தில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காது என்று நகராட்சியே எழுதிக் கொடுப்பதற்கு நான் ஏன் கோபப்பட வேண்டும்? அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். "நம்ம தெரு ஃபைல நீ தொடாத. நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது." அவளும் தொடவில்லை. உதவியாளர்தான் பார்த்தார்.

திரையில் வானிலிருந்து எடுத்த படம் தெருத் தெருவாக வந்தது. ஓடும் இடமெல்லாம் சிவப்புக் கோடு, ஊறும் இடமெல்லாம் பச்சைக் கோடு. எங்கள் தெரு வந்தது. பதினேழாம் எண், என் வீடு. கூரையைச் சுற்றிச் சிவப்பு. முன்னால் இருக்கும் முற்றம் முழுக்கப் பச்சை. மொத்தம் இரண்டு அலகு.

அந்த முற்றத்தில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. வீடு கட்டி முடித்தபோது என் மனைவி புல்தரை கேட்டாள். புல் வைத்தால் சேறு வரும், பூச்சி வரும் என்று கான்கிரீட் போட்டேன். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பச்சைப் பெயிண்ட் நான்கு டின் வாங்கி வந்து முற்றம் முழுக்க அடித்தேன். அதற்குப் பிறகும் நிறம் மங்கும்போதெல்லாம் ஒரு பூச்சு அடித்துவிடுவேன். இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டுப் புல் அதுதான்.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "எந்திரிக்காதீங்க. ஓட்டு முடியட்டும். நாளைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு வேற எவனாவது சொல்வான். அப்ப அவ தலை உருளும்."

"இப்ப சொன்னா மட்டும் மாலையா போடுவாங்க?"

அவள் சொன்னதும் சரிதான். ஆனாலும் எழுந்தேன்.

"தலைவியம்மா, ஒரு திருத்தம்."

என் மகள் என்னைப் பார்த்தாள். "ஐயா, வீட்டு எண்ணைச் சொல்லிட்டுப் பேசுங்க."

அந்த வீட்டில் தவழ்ந்தவள் என்னிடமே எண் கேட்டாள். நியாயம். அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"பதினேழு. அது புல்லு இல்ல, கான்கிரீட். நான் போட்டது."

உதவியாளர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, படத்துல பச்சையா தெரியுதே?"

"பெயிண்ட்."

அரங்கம் சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது. அந்தச் சத்தத்தில் மைத்துனர் விழித்துக்கொண்டு, "முடிஞ்சுதா? கிளம்பலாமா?" என்றார். என் மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மரக்கடைக்காரர் எழுந்தார். ஊரில் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசுவார். "பாத்தீங்களா! சொந்த அப்பா வீட்டையே கோட்டை விட்டவங்க மத்த பன்னெண்டாயிரம் வீட்டை எந்த லட்சணத்துல அளந்திருப்பாங்க? கோட்டை விட்டாங்களா, இல்ல தெரிஞ்சேதான் விட்டாங்களா?"

மகள் நிதானமாகச் சொன்னாள். "அந்தத் தெருவை நான் பாக்கல. பாத்திருந்தா ஒரு நொடியில பிடிச்சிருப்பேன். பாக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுப் பெரியவர் உத்தரவு."

எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. "உத்தரவு என்னுதுதான்" என்றேன். "லவுட்ஸ்பீக்கரே, என் வீடு அடுத்த தெருதான். டேப் எடுத்துக்கிட்டு வாங்க. தண்ணி நான் தரேன். ஒரு சொட்டு உள்ள இறங்கிச்சுன்னா, நான் என் வாழ்நாள்ல தளமே போட்டதில்லன்னு இதே சபையில எழுதிக் குடுக்கறேன்."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் இடைவேளை விட்டார்.

அத்தனை பேரும் தெருவில் நடந்தோம். முற்றத்தில் டேப்பின் ஒரு முனையை மருந்துக்கடை அம்மாள் பிடித்தார், மறுமுனையை உதவியாளர் பிடித்தார். இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு மீட்டர். ஆறு அலகு கூட வந்தது. மகள் தோட்டக் குழாயை முழுக்கத் திறந்து தரையில் விட்டாள்.

தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வாசலைத் தாண்டித் தெருவோரமாகச் சரிவில் ஓடியது. "எங்க போகுதுன்னு பாக்கலாம்" என்று மருந்துக்கடை அம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் மொத்த நகராட்சியும் போனது. தலைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர் திருப்பத்தில் ஒரு கணம் யோசித்தது. பிறகு இடப்பக்கச் சந்தில் புகுந்து, ஒரு தகரக் கதவின் அடியில் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்குள் மறைந்தது.

மரக்கடையின் பின்வாசல் அது.

"ஏய்! என் பலகை!" லவுட்ஸ்பீக்கரின் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். "மழை பேஞ்சா இந்த மூலை மட்டும் ஏன் ஊறுதுன்னு தலையப் பிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் குழாய் ஒழுகுதுன்னு அவன்கூட பேச்சுவார்த்தையே இல்ல. நீங்களாய்யா அது?"

"நான்தான். தளத்தோட வாட்டத்தைப் பாத்தீங்களா? வழியில ஒரு இடத்துல தேங்கல."

"இதுல இவருக்குப் பெருமை வேற" என்றாள் என் மனைவி. முதலில் சிரித்தவர் மரக்கடைக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர். சுவருக்கு மேலே தலையை நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரங்குக்குத் திரும்பியதும் மகள் ஒரு திருத்தம் சேர்த்தாள். முதல் மூன்று மாதம் வெறும் மாதிரி ரசீது மட்டும் போகும், யாரும் பணம் கட்ட வேண்டாம்; சந்தேகம் உள்ளவர் கேட்டால் ஆள் வந்து நேரில் அளக்க வேண்டும். மருந்துக்கடை அம்மாள், "இத முதல்லயே சேத்திருந்தா நான் இத்தனை நாள் யோசிச்சிருக்க மாட்டேன்" என்றார். மரக்கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுக் குழாய் எங்கிருந்து ஆரம்பிக்குது?"

"உங்க கடைப் பின்சந்துல இருந்து, சார்."

ஆறுக்கு மூன்று. ஆதரவாகக் கையைத் தூக்கியபோதும் மரக்கடைக்காரர் ஏதோ கத்திக்கொண்டுதான் இருந்தார். என் மகள் காகிதங்களை அடுக்குவதற்குப் பதிலாக உதவியாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்து, "அப்பா, பயங்கரமா பசிக்குது" என்றாள். ஒரு வாரத்தில் முதல் முறை. மைத்துனர் அதற்குள் வெளியே போய் வண்டியை எடுத்துவிட்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு இப்போது எட்டு அலகு. தெருவிலேயே அதிகம் எங்களுக்குத்தான். அடுத்து வருபவருக்கு ஐந்து.

இதெல்லாம் அப்பாவும் மகளும் முன்கூட்டியே பேசி வைத்து ஆடிய நாடகம் என்றும், கூட்டத்துக்கு முந்தின வாரம்தான் முற்றத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள் என்றும் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. வானிலிருந்து படம் எடுத்தது போன வருடம். கடைசியாகப் பெயிண்ட் அடித்தது அதற்கும் இரண்டு வருடம் முன்னால்.