தப்பாக வைத்த பாக்கு

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற வழக்கம் கிடையாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். ஒரு வீட்டைத் தாண்டிவிட்டால் போதும், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. என் அக்கா ராமக்காள் புருசனை இழந்தவள். அதனால் அவள் மகள் முனியாயி கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கிற வேலை தாய்மாமனான என் தலையில் விழுந்தது.

எனக்குக் கை முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும். தெருக்கோடி வீட்டு வாசலில் பாக்கை நீட்டிய பிறகுதான் கதவைத் திறந்தது யார் என்று பார்த்தேன். எங்கள் சப்இன்ஸ்பெக்டர். அந்த வீடு மூன்று வருசத்துக்கு முன்பு வரை என் சித்தப்பா வீடு. பழக்கம் கெடுத்துவிட்டது.

அவர் நிஜப் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. மிளாறு என்றால் தெரியும். ஸ்டேஷனில் மிளாறு, அதாவது மெல்லிய புளியங்குச்சி, ஒரு கட்டு எப்போதும் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும். உள்ளங்காலில்தான் அடிப்பார். நடந்து போனவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"என்னடா இது?" என்றார்.

"பாக்குங்கய்யா. எங்கக்கா மக கல்யாணம். வார வெள்ளிக்கிழமை."

"எனக்கா?"

கை தவறி நீட்டிவிட்டேன் என்று சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? "ஆமாங்கய்யா" என்றேன். வைத்த பாக்கைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வாரேன்" என்றார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். கணக்காக எடுத்து வந்த பாக்கில் ஒன்று குறைந்தும் போயிற்று. கடைசி வீடு சோணை வீடு. அவன் நம்ம பிள்ளைதானே, அவனுக்கு எதற்குப் பாக்கு என்று அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விசயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பேச்சிமுத்து, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எம் மக தாலியில கைய வச்சிட்டியேடா!"

அவள் அலறியதில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை கருத்தக்கண்ணன் மேலூர்ப் பக்கத்துப் பையன். வெள்ளைக்காரனை எதிர்த்து நடந்த ஆகஸ்டுக் கலவரத்தில் வாய்க்கால்கரைத் தந்திக் கம்பியை அறுத்த ஐந்து பேரில் அவனும் ஒருத்தன். மிளாறே நேரில் விரட்டி, இடது புருவத்துக்கு மேல் லத்தியால் ஒரு போடு போட்டார். அவன் ரத்தத்தோடு வாய்க்காலில் குதித்துத் தப்பிவிட்டான். மற்ற நாலு பேரும் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தன்தான் சோணை. எட்டு நாள் உள்ளே வைத்து அடித்தும் ஓடியவன் பேரை அந்த நாலு பேரும் சொல்லவில்லை. "பேரு தெரியாட்டி என்ன? அவன் நெத்தியில எங் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னைக்கிருந்தாலும் ஆப்டுவான்" என்று மிளாறு சந்தையில் நின்று சொன்னார். தேடிக்கொண்டும் இருந்தார்.

தழும்பு சங்கதி இரண்டு வீட்டாருக்கும் அந்த நாலு பேருக்கும் மட்டும் தெரியும். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. எங்கள் ஆட்களில் தாலி கட்டுமுன் மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டுவது பெண்ணின் தாய்மாமன் உரிமை. பந்தலுக்கு வருமுன்பே அறைக்குள் வைத்துப் புருவத்தை மறைத்து இறக்கிக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை காலை. முகூர்த்தத்துக்கு ஒரு நாழிகை முன்னாலேயே மிளாறு வந்துவிட்டார். சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. மேளக்காரர் கை தானாக நின்றது. அவர் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். நான் தலைப்பாத் துணியை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடப் பார்த்தேன். அதற்குள் ஊர்த் தலைவரான அம்பலம் பேயாண்டி குறுக்கே வந்துவிட்டார். அதிகாரிக்கு நல்ல பிள்ளை ஆக அவருக்கு எப்போதும் அவசரம்.

"எலே பேச்சிமுத்து, பெரிய அதிகாரி வந்திருக்கையில நீ கட்டுனா நல்லாவா இருக்கும்? மாப்ளையப் பந்தலுக்குக் கூட்டிட்டு வாங்கப்பா. ஐயா கையால கட்டட்டும்!"

அது என் உரிமை. முடியாது என்று நான் சொல்லியிருந்தால் அம்பலமும் மேலே பேசியிருக்க மாட்டார். சொல்லவில்லை. துணியை மிளாறு கையில் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கருத்தக்கண்ணனை மணையில் உட்கார வைத்தார்கள். மிளாறு குனிந்து, அவன் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். கை அங்கேயே நின்றது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். முனியாயி உள்ளே அழக்கூட மறந்து நின்றாள். மிளாறு பெருவிரலால் அந்தத் தழும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க" என்றான் கருத்தக்கண்ணன்.

அவர் துணியைப் பிரித்துச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கடைசிச் சுற்றைப் புருவத்துக்குக் கீழே வரை இழுத்து இறக்கி, முனையை இறுக்கிச் செருகினார். நானே கட்டியிருந்தாலும் அவ்வளவு பாந்தமாக மறைத்திருக்க மாட்டேன். "மேளத்தை அடிங்கப்பா" என்றார்.

தாலி ஏறியது. நான் அழுதேன். ஐம்பது வயசு ஆம்பிளை பந்தலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுததைப் பற்றி ஊரில் இன்னும் கேலி உண்டு, இருக்கட்டும். மிளாறு முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். புறப்பட்டபோது வாசல் வரை கூடப் போனேன். சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

"ஐயா... எதுக்குங்கய்யா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊருக்கு வந்து மூணு வருசத்துல எம்புட்டுக் கல்யாணம் நடந்துச்சு தெரியுமா? மேளச் சத்தம் கேக்கும். சமையல் வாசம் வரும். நீ ஒருத்தன்தான் பாக்கு வச்ச." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அது தப்பாக வைத்த பாக்கு என்று நான் அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

தழும்பை அவர் தடவியதைப் பார்த்ததும் பழைய சந்தைப் பேச்சு எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது; பந்தலே அவர் புகழ் பாடியது. கல்லுக்குள் ஈரம் என்றார் ஒருத்தர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்களே, இவரல்லவா நினைத்தார் என்றேன் நான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே மனசு இளகிவிட்டவருக்கு உப்பை எங்கே கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. சந்தோசத்தில் வாய்க்கு வந்தது. அக்கா அவருக்கு ஆயுசு நூறு என்று வாழ்த்தினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, இரண்டு படி நெல் திருடியதாக ஒருத்தனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். அவன் அலறல் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அவன் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை, பாக்கும் வைக்கவில்லை.

ஆனால் கல்யாணத்தன்று சாயங்காலமே எனக்கு ஒரு குட்டு விழுந்தது. பந்தியெல்லாம் முடிந்து சோணை ரச வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து, ஸ்டேஷனில் அடிபட்ட அந்தக் காலோடு சாய்ந்து சாய்ந்து நடந்து அவன்தான் பரிமாறினான்.

"மிளாறுக்குமா நீ ஊத்துன?" என்றேன்.

"ரெண்டு தரம் ஊத்துனேன் மாமா. மூஞ்சியப் பாத்துத்தான் போதும்ன்னாரு. என்னைய அடையாளமே தெரியல." சிரித்தான். "ஒங்க மருமகன் நெத்தி ஞாபகம் இருக்கு. எட்டு நாள் அடிச்ச மூஞ்சி ஞாபகம் இல்ல பாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிளாறு ஒரு நிமிசம் மனசு வைத்துத் துணி கட்டினார், ஊரே கொண்டாடுகிறது. இவன் எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பேரை விழுங்கியிருக்கிறான். அது இல்லாவிட்டால் தலைப்பா கட்ட இங்கே தலை ஏது? அவனுக்கு நான் பாக்கு வைக்கக்கூட இல்லை. கூப்பிடாமலே வந்து வாளியைத் தூக்கியிருக்கிறான்.

மறுநாள் விடிந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு சோணை வீட்டு வாசலில் போய் நின்றேன். கையும் புத்தியும் அன்றைக்குத்தான் ஒன்றாகப் போயின.

"கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே மாமா, இப்ப எதுக்கு?" என்றான்.

"வாங்கிக்கடா" என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.