நுவரெலியாவில் இரண்டு நாள்

வட்டகொடையில் ரயில் ஏறும்போதே றோசலின் முடிவு செய்திருந்தாள், ஊர் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. அடுத்த வாரம் அவள் புருஷன் அந்தோனிமுத்து குவைத்துக்குப் போகிறான். தேயிலைத் தோட்டத்தில் மேசனாக இருந்தவனுக்கு அங்கே இரண்டு வருடக் கட்டட வேலை. அவன் வரும்வரை அவள் அவனுடைய அண்ணன் குடும்பத்தோடு அதே லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் இருப்பாள் என்று வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. முடியாது என்று அவளும் சொல்லவில்லை.

பயணம் அவனுடைய ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை, சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர்கள் தனியாக எங்கும் தங்கியதில்லை. நுவரெலியாவில் பழைய வெள்ளைக்காரர் வீடு ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். போன வருடம் அதன் புகைபோக்கியைப் பழுதுபார்த்தவன் அந்தோனிமுத்து. மழைக்காலம், ஆட்கள் வருவதில்லை. காவல்காரர் குணதாச பின்பக்க அறையைத் திறந்துவிட்டார்.

பையை வைத்ததும் வெளியே இழுத்துக்கொண்டு போனான். தபால் கந்தோரின் சிவப்புச் செங்கல்லை அண்ணாந்து பார்த்தான். பிறகு கிட்டப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒரு பெரிய ஹோட்டலின் வேலிக்கு வெளியே நின்று, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கறுப்புக் கட்டைகளைக் காட்டினான். அவை வீட்டைத் தாங்கவில்லையாம், அழகுக்குப் பதித்ததாம். இங்கிலாந்தில் உள்ள வீடுகளைப் போலத் தெரிய வேண்டுமென்று துரைமார் செய்த வேலையாம். வந்த இடத்திலும் தங்கள் வீட்டையே கட்டிக்கொண்டவர்களை நினைத்தபோது றோசலினுக்குக் கோபம் வந்தது. அவள் பிறந்த இடம் இது. கட்டிக்கொள்ள அவளுக்கென்று ஒரு முழ நிலம் இல்லை. சொல்ல நினைத்ததை அங்கேயே ஆரம்பித்திருக்கலாம். அதற்குள் அவன் அடுத்த கட்டடத்துக்கு நடந்துவிட்டான்.

சாப்பாட்டிலும் அதே அவசரம். பேக்கரியில் மீன் வைத்த மாலுபான், நின்றபடியே தேத்தண்ணி, மழை விட்டதும் குதிரைப் பந்தயத் திடலருகே அவித்த சோளன். ஒன்றை முடிக்குமுன் அடுத்ததைக் கேட்டான். குவைத்தில் இதெல்லாம் கிடைக்காது என்று அவள் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. அவனுக்குள்ளும் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. போகிற பயமா, போகிற சந்தோஷமா? கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் தன்னுடையதையும் சொல்ல வேண்டிவரும்.

சனிக்கிழமை பகல் முஸ்லிம் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் வந்தன. அவள் கை தானாகவே பாதியை ஓரம் ஒதுக்கியது. அவன் அண்ணன் பெண்சாதி, மதினி மரியநாயகியின் பிள்ளைகளுக்கு.

"என்ன, பார்சலா?" என்றான். "நாளைக்கு ஊருக்குப் போறதுக்குள்ள ஊசிப் போகும். சாப்புடு. இங்க நம்மள யாரு பாக்குறா?"

அவள் முழுவதையும் சாப்பிட்டாள். அந்த ருசியில் ஒரு குற்றம் கலந்திருந்தது, அதனால் இன்னும் ருசித்தது. மரியநாயகி கெட்டவள் அல்ல; அதுதான் கஷ்டம். காம்பராவின் குறுக்கே கட்டிய பழைய சீலைக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். கொழுந்தன் போனதும் சீலையை அவிழ்த்துவிடலாம், பையன்கள் காலை நீட்டிப் படுப்பார்கள் என்று போன மாதம் மரியநாயகி சாதாரணமாகச் சொன்னாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. றோசலின் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதியில்லை. அந்தச் சீலை போனால் தனக்கென்று ஓர் ஓரம்கூட இருக்காது.

மாலையில் மழை பிடித்தது. அறைக்குள் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். அவள் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். திடீரென்று அவன் சிரித்துவிட்டான்.

"ஏன் றோசு, நாம குசுகுசுன்னு பேசுறோம்?"

அப்போதுதான் அவளும் கவனித்தாள். நேற்றிலிருந்தே அப்படித்தான். லயத்தில் சண்டைகூட அவர்களுக்குக் கிசுகிசுப்பில்தான் நடக்கும். சீலைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதை மறுநாள் தொடர்வதில்லை. அப்படி எத்தனையோ அவளுக்குள் நின்றுபோயிருந்தன.

"இது கருங்கல் செவுரு," என்று தட்டிக் காட்டினான். "நான் அடுத்த ரூமுக்குப் போறேன். நீ கத்து. கேக்குதான்னு வந்து சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. முதலில் ஏங்க என்று கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரத்து. பிறகு சுவருக்கு அருகே போய், "நான் அந்த வீட்டுல இருக்க மாட்டேன்," என்றாள். தன் குரல் இவ்வளவு கனமானது என்று அவளுக்குத் தெரியாது. மறுபடியும் சொன்னாள்.

அவன் முகம் மலர வந்தான். "நீ கத்தவே இல்லையா? ஒரு சத்தம் இல்ல. என்னமாக் கட்டியிருக்கானுங்க."

அவளுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் கேட்கவும் இல்லை. இப்படியே ஊருக்குப் போய்விடலாம். அந்த ஆறுதலே அவளைப் பயமுறுத்தியது. நான்கு வருடமாக அவள் வாழ்ந்தது இந்த ஆறுதலில்தான்.

"கத்தினேங்க. நீங்க போனதுக்கப்புறம் உங்க அண்ணன் வீட்டுல நான் இருக்க மாட்டேன்னு சொன்னேன்."

"மெதுவா," என்றான் அவன், பழக்கத்தில்.

"ஏன் மெதுவா? நீங்கதான கேக்காதுன்னீங்க."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். தனியாக இருந்தால் சனங்கள் என்ன பேசும், அண்ணன் மனம் என்ன பாடுபடும், ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை அவள் ஆயாவாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பின்னால் சாமான் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. ஒரு பக்கச் சுவர் விழுந்து கிடக்கிறது. ஆபீஸ் பெரிய கிளாக்கர் மூலமாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டிருந்தாள். சுவரை நீங்களே கட்டிக்கொண்டால் இருக்கலாம் என்று பதில் வந்திருந்தது.

"எப்பக் கேட்ட?"

"போன மாசம்."

"எங்கிட்டச் சொல்லல."

"எங்க வச்சுச் சொல்றது?"

அவன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை. குணதாச கொண்டுவந்த பாண் ரொட்டியையும் பருப்பையும் அவள்தான் சாப்பிட்டாள்.

ஞாயிறு தேவாலயத்தில் முதல் பூசை முடிந்து வெளியே வந்ததும், காலை ரயிலுக்கே போய்விடலாம் என்றான். ஏரிக்கரையும் ஸ்ட்ரோபெரித் தோட்டமும் பார்ப்பதாக இருந்த நாள் அது. அவள் போய்ப் பையைக் கட்டினாள். நானுஓயாவுக்குப் போகும் பஸ்ஸில் அவன் முகத்தைப் படிக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. கோபமென்றால் தாங்கிக்கொள்ளலாம். அண்ணனிடம் போய் இவளை அடக்கச் சொல்வானோ என்ற நினைப்புத்தான் அவளை விடவில்லை.

ரயில் ரதல்லையைத் தாண்டியபோது அவன் இவள் பக்கம் திரும்பினான்.

"விழுந்த செவுரு மேற்குப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

"ரோட்டுப் பக்கம்."

"கல்லு அங்கயே கெடக்கா?"

"கெடக்கு. பாதி மண்ணுக்குள்ள."

"இன்னைக்கே தோண்டி எடுத்தாத்தான் வெள்ளிக்கெழமைக்குள்ள ஏத்த முடியும்," என்றான். அண்ணனிடம் தானே பேசிக்கொள்வதாகவும், அவள் நடுவில் வரவேண்டாம் என்றும் சொன்னான். பிறகு எத்தனை மூட்டை சுண்ணாம்பு, யாரிடம் மண்வெட்டி என்று தனக்குள் கணக்குப் போட ஆரம்பித்தான்.

றோசலினுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று அதை நம்ப முடியவில்லை. இரண்டு நாளாக அவன் அவசரப்பட்டு ஓடியது, போகாதீங்க என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்ததால்தானா என்று இப்போது தோன்றியது. அவளோ ஒரு அறையைக் கேட்டாள். அவன் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவான்.

"கதவ எங்க வைக்கணும்?" என்று கேட்டான்.

அவள் யோசித்து, எங்கே என்று சொன்னாள்.