அலை உடையாத இடம்

அப்பாவின் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள் கெசியா. விரலிடுக்கில் கடல் மணல் இருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து, தைத்து, கழுவிக் கொடுத்த உடம்பு. இது மட்டும் எப்படித் தப்பியதோ. ஈரத்துணியால் துடைத்தாள். நேற்று இந்நேரம் இதே மனிதர் கோவளத்தில் பிரியாணிக்கு இரண்டாம் முறை தட்டு நீட்டிக்கொண்டிருந்தார். அதையும் இதையும் சேர்த்து நினைக்க அவளால் முடியவில்லை.

அப்பா தனசிங் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு இருந்த சிட்லபாக்கத்துக்குக் கடல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் கணுக்கால் நனைய நின்றவரில்லை. வருஷா வருஷம் சபை பிக்னிக்கில் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பதுதான் அவருடைய ஊழியம் என்று போதகரே கேலி செய்வார்.

கெசியா தாம்பரத்தில் இயற்பியல் டீச்சர். பயத்தைத் தெளியவைக்கிறேன் பேர்வழி என்று, நேற்று பிக்னிக் பஸ்ஸிலேயே பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கயோ நடுக்கடல்ல காத்து அடிக்கும்ப்பா. தண்ணி அங்கயேதான் மேலயும் கீழயும் ஆடும், அலை மட்டும் நகர்ந்து வரும். கரைகிட்ட ஆழம் குறையும்போது அடி மெதுவாயிடும், மேல முந்திக்கும். அதான் கவுந்து விழுது."

"அப்போ விழற எடம்தான் டேஞ்சர்னு சொல்லுங்க டீச்சர்," என்று சிரித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவராகவே பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். இரு பக்கமும் அலை நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் தெரு அகலத்துக்குத் தண்ணீர் வழவழவென்று கிடந்தது.

"அங்க நில்லுங்கப்பா. அங்க அலையே உடையல," என்று கை காட்டினாள்.

போனார். முழங்கால் நனைந்ததும் திரும்பி அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவ்வளவுதான். காலடியிலிருந்து யாரோ பாயை உருவியதுபோல் சாய்ந்தார்.

இப்போது, இரண்டாவது சாக்ஸைக் குதிகால்வரை இழுத்தபோதுதான் பாடத்தின் மீதிப் பாதி அவள் தலையில் இறங்கியது. அலை உடைகிறவரைதான் தண்ணீர் இடத்தை விட்டு நகராது. உடைந்தபின் கரையில் வந்து குவியும். குவிந்தது திரும்பிப் போயாக வேண்டும். ஆழமான வழியாகப் போகும். ஆழமான இடத்தில் அலை உடையாது. எல்லாமே அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டே அப்பாவைக் கடலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

தலைமாட்டில் அம்மா ரத்தினபாய் நேற்றிலிருந்து கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "அலைன்னாலே பத்தடி தள்ளி நிக்கிற மனுஷன். எதுக்குடி உள்ள போனாரு?"

கெசியா அவள் கையைப் பற்றினாள். "நான்தாம்மா அங்க போய் நிக்கச் சொன்னேன். அலை இல்லையேன்னு. அதுதான் தண்ணி திரும்பிப் போற வழி. எனக்கு அது தெரியும்மா. அப்போ தோணல."

ரத்தினபாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை மெதுவாக உருவிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள். அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது கெசியாவுக்கு.

எதிர்வீட்டு லோகநாயகி மாலையோடு உள்ளே வந்தாள். அதைக் காலருகே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணன் தண்ணி பக்கமே போகமாட்டாரே அக்கா! யாரு எறங்கச் சொன்னது?"

கெசியா வாயைத் திறந்தாள்.

"யாரும் சொல்லல," என்று அம்மா முந்திக்கொண்டாள். "அவரு கரையிலதான் நின்னாரு. பெரிய அலை ஒண்ணு வந்துடுச்சு."

அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். சவப்பெட்டி வந்து இறங்குவதற்குள் அந்த அலை ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கெசியா இருந்த பக்கம் மட்டும் அம்மா திரும்பவே இல்லை.