வளைவு இல்லாத சாலையில்

அந்தப் பழைய காரில் இண்டிகேட்டர் போட்டால் போட்டதுதான். வண்டி வளைந்து ஸ்டியரிங் நேரானதும் அதன் கம்பி தானாகத் திரும்ப வேண்டும்; அதைத் தட்டிவிடும் பிளாஸ்டிக் பல் என்றைக்கோ உடைந்துபோயிருந்தது. டிக் டிக் என்று அது கிடந்து அடித்துக்கொண்டாலும் அப்பாவின் காதில் விழாது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து மகள்தான் கத்துவாள்: "அப்பா, லைட்டு!" பத்து வருஷம் அவள் பார்த்த சம்பளமில்லாத உத்தியோகம் அது.

வேலை கிடைத்து வெளியூர் போனவள் லீவில் வருகிறாள் என்று, அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு முதல் தெருவில் திரும்பினார். மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் கம்பி டக்கென்று தானாகவே திரும்பிக்கொண்டது.

"ஓ, சரி பண்ணிட்டீங்களா?" என்றாள். முகம் சப்பென்று ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலை மெனக்கெட்டு இதைப் போய்ச் சரிசெய்தோமே என்று அப்பாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆளரவமில்லாத நேர்ச்சாலை வந்ததும், வளைவே இல்லாத இடத்தில், ஒன்றும் தெரியாதவர்போல் கம்பியைத் தட்டிவிட்டார். ஸ்டியரிங் திரும்பாததால் விளக்கும் அணையவில்லை.

"அப்பா, லைட்டு!"

"அடடா," என்றார் அப்பா, "மறந்தே போச்சும்மா."