புதன்கிழமை வந்தவன்

கழுத்து நிமிர மறுத்தது. நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப் போயிருந்த அப்பாவை, அவனும் மாடிவீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

"ஏழு, ஏழரைக்கே உயிர் போயிருக்கும்," என்றார் டாக்டர்.

மணி பதினொன்றரை.

"இருக்காது டாக்டர். பத்தரைக்கு நான் அவர்கூடப் பேசிக்கிட்டிருந்தேன்."

"பதில் சொன்னாரா?"

அப்பா எப்போதுதான் பதில் சொன்னார்? அம்மா அவருக்கு வைத்த பெயரே கல்லுளிமங்கன். காலையில் டீ குடித்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடினால் பத்து மணிவரை யாரும் கூப்பிடக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் பத்தேகாலுக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஞாயிறு மாலை வருவான், டிவிக்கு நேரெதிரே உட்காருவான், "சாப்பிட்டீங்களா" என்பான், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவான். பதினாலு வருஷமாக அவ்வளவுதான். இன்று புதன்கிழமை. கடை வாசலில் பஸ் நின்றபோது ஏனோ எழுந்திருக்க மனமில்லை. போனை அணைத்துவிட்டு அடுத்த நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே இங்கே வந்து இறங்கினான்.

கூடத்தில் அவன் இதுவரை பார்த்திராத வெயில் கிடந்தது. அம்மாவின் முக்காலியை இழுத்துப்போட்டு அப்பாவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தான். அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்ததே இல்லை. காது தொங்கி, தோள் இறங்கி, சின்னதாக இருந்தார். இந்த மனிதரிடமா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தான். நினைத்ததும் பேச்சு வந்துவிட்டது.

"அப்பா, நான் வச்ச கடையை மூடின அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உதவாக்கரைன்னு சொன்னீங்க. இன்னும் அது உள்ள இருக்கு. ஆனா எனக்கும் அலுத்துப் போச்சுப்பா. விட்டுடலாமா?"

அப்பா தலையை ஆட்டினார். அவன் பார்த்தான். மின்விசிறிக் காற்றில் அவர் முடிதான் அசைந்திருக்கும் என்பதெல்லாம் பிறகு தோன்றியது. அந்தத் தலையாட்டலில் தெம்பு வந்து, நிறையப் பேசினான், மன்னிப்பும் கேட்டான். தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றான். அப்போதுதான் அம்மா வந்து அவன் தோளில் கைவைத்தாள். "அப்பா போயிட்டார்ப்பா," என்றாள்.

"நேரத்தை அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்," என்று வாசல்வரை போய்க் கெஞ்சினான். காரணம் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசியா மகன்கூடத்தான் பேசிக்கிட்டிருந்தார்." அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு முதுகு சில்லிட்டது. ஒரு பிணத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு பிணத்தை மன்னித்தும்விட்டிருக்கிறான். தலையாட்டியது யார்?

மாலையில் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்தார்கள். அம்மா சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை மூடி வைக்க அவனால் முடியவில்லை.

"அம்மா, நான் பேசினப்ப அவர் உயிரோட இல்லம்மா."

"தெரியும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து மணிக்குத் தொட்டேன். ஐஸா இருந்தார். உனக்குப் போன் போட்டேன், போகல. ரெண்டு மூணு தடவை போட்டேன். மாடிக்குப் போய் ஆளைக் கூப்பிடலாம்னு இருந்தப்பதான் நீ உள்ள வந்து உட்கார்ந்தே. பேச ஆரம்பிச்சுட்டே."

"சொல்லியிருக்கலாமேம்மா. அரை மணி நேரம்."

"சொல்லத்தான் வந்தேன். கதவுவரைக்கும் வந்தேன்." அம்மா குழாயை மூடினாள். "பதினாலு வருஷத்துல நீ அவர்கூட இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. இன்னும் கொஞ்சம் பேசட்டும்னு நின்னுட்டேன்."

அவனுக்கு அழுகை வந்தது. அன்று முழுவதும் வராதது.

"அவருக்குக் கேட்டிருக்குமாம்மா?"

"அது எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டுது."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா அவனெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பேரனைப் பத்தி என்னவோ சொல்ல வந்தே. மிச்சத்தைச் சொல்லு."

எங்கே விட்டோம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.