தொண்ணூற்றொன்பது

கட்டில் கம்பியில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தபடி வரதன் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். இரும்பு உருக்கும் உலையடியில் இருபத்திரண்டு வருடம் புகை குடித்த நெஞ்சு. கும்மிடிப்பூண்டியின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரே நர்ஸ், ஹெலன். ஆக்சிஜனை இரண்டு லிட்டரில் வைத்து, "இத யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, லாரி மோதிய ஆளைப் பார்க்க ஓடியிருந்தாள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கிளிப் எண்பத்தெட்டு காட்டியது.

"இன்னாண்ணே, ஏறவே மாட்டேங்குது?" குப்பம்மாள் புருஷனின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

துணைக்கு வந்திருந்த அப்பாவு, வரதனின் உருக்காலையிலேயே கேஸ் தீயால் இரும்பு வெட்டும் கட்டர். தினம் நாலு ஆக்சிஜன் சிலிண்டர் திறந்து மூடுகிறவன். "ரெண்டுல வெச்சா பீடி கூட பத்திக்காது தங்கச்சி. கஞ்சப் பசங்க."

"சிஸ்டர் தொடாதன்னாங்களே."

"அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்ன இருந்து நான் வால்வு திருப்பிக்கினு கீறேன்."

திருப்பினான். அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் சின்னக் குண்டு பத்து லிட்டருக்கு எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் கிளிப்பில் தொண்ணூற்றொன்பது. வரதனின் முகம் சிவந்தது. இரைப்பு அடங்கி மனைவியின் தோளில் சாய்ந்தான். மூன்று நாளாகக் கண் மூடாதவன். பக்கத்துக் கட்டிலில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

"சத்தம் போடாதம்மா, இப்பத்தான் தூங்குறாரு" என்றாள் குப்பம்மாள்.

"டாக்டர் ஃபீஸு ஒரு டீ எனக்கு" என்றான் அப்பாவு. மூன்று நாளில் அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

அரைமணி கழித்து வந்த ஹெலன் முதலில் குண்டைத்தான் பார்த்தாள். வரதனின் நெஞ்சில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாள். அவன் முனகக்கூட இல்லை.

"யாரு ஏத்துனது?"

"தொண்ணூத்தொம்போது காட்டுதே சிஸ்டர்..." அப்பாவுவின் குரல் இறங்கியது.

"அது ஆக்சிஜனத்தான் காட்டும். இந்த மாதிரி நெஞ்சுக்கு அதிகமா குடுத்தா மூச்சு வுடறதே கொறஞ்சிடும். அவருக்குக் கெட்ட காத்து வெளிய போவல, உள்ளயே தேங்கிடுச்சு. இது தூக்கம் இல்லம்மா, மயக்கம்." வால்வைத் திருப்பிக் குறைத்தாள். "மூச்சு தள்ற மெஷின் வேணும். இங்க கெடையாது. சென்னைக்குத்தான் போவணும்."

ஆம்புலன்சில் கூட வந்தவர் ரப்பர் பையை அழுத்தி அழுத்திக் காற்று கொடுத்தார். "பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கினே வாம்மா. கண்ணத் தொறக்குறாரா பாரு."

கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் குப்பம்மாள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வரதா..." என்றாள். கன்னத்தில் தட்டினாள். "யோவ், வரதா!"

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. முன்னால், புதுக் கம்பிக்கட்டு ஏற்றிய டிரெய்லர்கள் மூன்று வரிசையாக ரோட்டை அடைத்து நின்றன. ஒன்றும் நகரவில்லை.